பல்லுக்காக ஒரு பயணம்: மன்னார்க் கரையிலிருந்து பேராதனைக்கு

மன்னார்த் தீவுக்கு வருகிறவர்களை முதலில் வரவேற்பது தண்ணீர்தான். இரு பக்கமும் ஆழமில்லாத கடல், நடுவிலே நீண்ட தாம்போதி, அதன் முடிவில் பாலம், பாலத்தைத் தாண்டியதும் பழைய கோட்டை. 1990ஆம் ஆண்டு தகர்க்கப்பட்ட பாலத்துக்குப் பதிலாக ஜப்பானின் உதவியோடு கட்டப்பட்ட புதிய பாலம் 2010இல் திறக்கப்பட்டது. போர் தொடங்கி நின்றுபோன ரயில் 2015இல் மீண்டும் தலைமன்னார்த் துறைவரை ஓடி வந்தது. அன்று தண்டவாளத்தின் இரு பக்கமும் நின்று பார்த்த சனங்களில் கண் கலங்காதவர்கள் குறைவு.

பாலம் வந்தது, ரயில் வந்தது. ஆனால் திரும்பி வராதவை எத்தனையோ. அவற்றுள் மனிதர்கள்தான் முதன்மையானவர்கள். அந்தப் பெரிய இழப்புக்கு முன்னால் நான் இங்கே எழுதப்போகும் விடயம் சிறியதாகத் தோன்றலாம். நான் எழுதப்போவது பல்லைப் பற்றி.

எங்கள் மாதர் சங்க வேலையாக இந்தக் கரையோரம் முழுவதும் போய்வருகிறேன். தீவுக்குள் பள்ளிமுனை, தாழ்வுபாடு, எருக்கலம்பிட்டி, பேசாலை, தலைமன்னார். பெருநிலத்தில் வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை. வடக்கே விடத்தல்தீவு, இலுப்பைக்கடவை. ஒரு காலத்தில் அரிப்புக் கரையில் முத்துக் குளிப்பு நடந்தது. உலகத்து வணிகர்களெல்லாம் வந்து கூடினார்கள். முத்துப்போலப் பல் என்று நாம் சொல்வதுண்டு. ஆனால் இந்தக் கரையில் கூட்டம் கூட்டினால், சிரிக்க வேண்டிய இடத்தில் பெண்கள் சேலைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்துக்கொள்கிறார்கள். படம் எடுக்கும்போது உதடுகளை இறுக்க மூடிக்கொள்கிறார்கள். நாற்பது வயதிலேயே முன்பல் இல்லாதவர்கள், ஒரு பக்கத்தால் மட்டும் மென்று தின்கிறவர்கள், பல்லுக் கொதி வந்தால் இரவு முழுக்க குந்தியிருந்து விடிய வைக்கிறவர்கள், இவர்கள் இல்லாத கிராமம் ஒன்றையும் நான் காணவில்லை.

பல் எப்படிப் போனது?

பல்லைக் கவனிக்காமல் விட்டதால் வந்த வினை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். 1990இல் முஸ்லிம் சகோதரிகள் வீடு வாசலை விட்டு வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக்குப் போனார்கள். எத்தனையோ குடும்பங்கள் வள்ளம் ஏறி இராமேஸ்வரம் போய் மண்டபம் முகாமில் தங்கின. மடுக் கோயில் வளவில் மர நிழலில் வாழ்ந்தவர்கள் உண்டு. 2009இல் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களில் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் கம்பிவேலிக்குள் இருந்தார்கள். பங்கரை விட்டு ஓடும்போது யார் பிறஷ் எடுத்துக்கொண்டு ஓடுவார்கள்?

கரியாலும் சாம்பலாலும் விளக்கினோம். செங்கல் தூளாலும் விளக்கினவர்கள் உண்டு. பசிக்குப் பிளேன்ரீயும் சீனியும், பிள்ளை அழுதால் ஒரு பிஸ்கற். பல் நொந்தால் கராம்பு, புகையிலைத் துண்டு, இல்லாவிட்டால் ஒரு பனடோல். ஷெல் துண்டு பட்டுத் தாடை உடைந்தவர்களும் அடிவாங்கிப் பல் போனவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். பல் போனது யாருடைய சோம்பலாலும் அல்ல. அதை முதலில் சொல்லிக்கொள்வோம்.

பேசாலையில் ஒரு அம்மா சொன்ன கதை என் மனதை விட்டுப் போகவில்லை. காணாமல் போன மகனைப் பற்றிச் சொல்ல ஒரு விசாரணைக்குப் போயிருக்கிறார். அப்போது அவருக்கு மேல் முன்பற்கள் ஒன்றும் இல்லை.

"பிள்ளை, நான் என்ட மகன்ட பேரைச் சொன்னன். எழுதினவருக்கு விளங்கேல்லை. மூண்டு தரம் கேட்டவர். என்ட பிள்ளைட பேரை என்னாலயே சரியாச் சொல்ல முடியேல்லை."

பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பது வெறும் பழமொழி அல்ல என்று அன்று விளங்கியது.

ஏன் பேராதனை?

மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலையில் பற்சிகிச்சைப் பிரிவு உண்டு. பல் பிடுங்குவது, அடைப்பது போன்ற தேவைகளுக்கு முதலில் அங்கேதான் போக வேண்டும். அரச வைத்தியசாலையில் அதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் பல பெண்கள் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டுக் கடைசியில் பல் பிடுங்க மட்டுமே போகிறார்கள். வேரைக் காப்பாற்றுவது, பல்வரிசை கட்டுவது, முரசு வைத்தியம் என்று பலதும் ஒருவருக்கே தேவைப்படும்போது, பல நாட்களும் நிறைய நேரமும் வேண்டும். தனியார் இடங்களில் அதற்கான காசு நம்மிடம் இல்லை.

எங்கள் சங்கத்துக்கு வந்த ஒரு தாதி அக்காதான் பேராதனையைச் சொன்னார். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவ பீடத்தோடு சேர்ந்து பற்போதனா வைத்தியசாலை இருக்கிறது. இலங்கையில் பல் வைத்தியப் பட்டப்படிப்பு 1940களில் கொழும்பில் தொடங்கி 1950களில் பேராதனைக்கு மாறியது. இப்போதுள்ள பெரிய வைத்தியசாலைக் கட்டடமும் நம்முடைய பாலத்தைப் போலவே ஜப்பானின் உதவியால் வந்தது, 1998இல். நாட்டின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் பிள்ளைகள் அங்கே படிக்க வருகிறார்கள். யாழ்ப்பாணம், மன்னார், மட்டக்களப்புப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. புத்தகத்தில் படித்து, செயற்கைத் தலைகளிலும் பற்களிலும் பழகி முடித்த பிறகு, மேல் வகுப்பு மாணவர்கள் ஆசிரியர்களின் மேற்பார்வையில் உண்மையான நோயாளருக்குச் சிகிச்சை செய்கிறார்கள்.

"படிக்கிற பிள்ளைகளா? எங்கட வாயில பழகிப் பாக்கவா?" என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நியாயமான கேள்விதான்.

போன வழி

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் நான்கு பேர் புறப்பட்டோம். பேசாலை அம்மா, தலைமன்னாரிலிருந்து முப்பது வயதைத் தாண்டிய ஒரு தங்கச்சி, புத்தளத்திலிருந்து சிலாவத்துறைக்குத் திரும்பி வந்திருந்த ஒரு முஸ்லிம் சகோதரி, நான். எனக்குப் பல் விளக்கும்போதெல்லாம் முரசிலிருந்து இரத்தம் வந்துகொண்டிருந்தது.

மன்னாரிலிருந்து முருங்கன், மடுச் சந்தி, செட்டிகுளம் தாண்டி மதவாச்சி. ஒரு காலத்தில் அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி இறங்கி ஏறிய வழி அது. செட்டிகுளத்தைத் தாண்டும்போது தலைமன்னார்த் தங்கச்சி யன்னல் பக்கம் திரும்பவே இல்லை. மதவாச்சியிலிருந்து மிகிந்தலை, தம்புள்ளை, மாத்தளை என்று வழி நீண்டது. மாத்தளைக்குப் பிறகு மலையும் குளிர்காற்றும். உப்புக் காற்றில் பிறந்த எங்களுக்கு அது வேறு உலகம். கண்டியில் எங்கள் சங்கத்துக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இரவு தங்கினோம்.

காலை ஆறரைக்கே வைத்தியசாலைக்குப் போய்விட்டோம். பதிவு செய்து, துண்டு எடுத்து, வாங்கில் வரிசையாக இருந்தோம். முதலில் ஒரு வைத்தியர் எல்லாருடைய வாயையும் பார்த்து யாருக்கு எந்தப் பிரிவு என்று பிரித்துவிடுகிறார். அதற்குப் பிறகுதான் மாணவர்களிடம் போகிறோம்.

மாணவர் கையில்

பெரிய மண்டபம். வரிசை வரிசையாகக் கதிரைகள். ஒவ்வொரு கதிரைக்கும் வெள்ளை மேலங்கி போட்ட ஒரு பிள்ளை.

என்னைப் பார்த்த மாணவி கண்டிப் பக்கத்துச் சிங்களப் பிள்ளை. அவளிடம் ஒரு சின்னக் குறிப்புப் புத்தகம் இருந்தது. அதிலே சிங்கள எழுத்தில் தமிழ்ச் சொற்களை எழுதி வைத்திருந்தாள். "அம்மா, வாய் திறவுங்கோ. நோகுதா? துப்புங்கோ." இந்த மூன்றையும் அழகாகச் சொன்னாள். நான்காவது சொல் வேண்டும்போது பக்கத்துக் கதிரையில் நின்ற தமிழ்ப் பிள்ளையைக் கூப்பிட்டாள்.

முதல் அரை மணித்தியாலம் கேள்விகள்தான். சீனி வருத்தம் இருக்கிறதா, இரத்த அழுத்தம் இருக்கிறதா, என்ன குளிசை எடுக்கிறீர்கள், எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா, முந்தி பல் பிடுங்கியபோது இரத்தம் நிற்க நேரம் எடுத்ததா. பிறகு ஒவ்வொரு பல்லாகப் பார்த்து ஒரு படத்தில் குறித்தாள். உதட்டின் உட்பக்கம், கன்னத்தின் உட்பக்கம், நாக்கின் கீழ், தொண்டைவரை பார்த்தாள். மாணவர்கள் எல்லாவற்றையும் எழுதிக் காட்ட வேண்டும். அதனால் ஒன்றையும் தவறவிடாமல் பார்க்கிறார்கள்.

அந்த முழுப் பார்வையால்தான் சிலாவத்துறைச் சகோதரிக்கு நன்மை வந்தது. அவர் வந்தது கடைவாய்ப் பல் நோவுக்கு. மாணவன் கன்னத்தின் உட்பக்கத்தில் வெள்ளையாக ஒரு தழும்பைக் கண்டான். விரலால் தேய்த்தும் அது போகவில்லை. உடனே ஆசிரியரைக் கூப்பிட்டான். வெற்றிலை போடுவீர்களா என்று கேட்டார்கள். இருபது வருடமாகப் போடுகிறேன் என்றார். சிறு துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் இல்லை, ஆனால் இப்படியே விட்டால் ஆகலாம், வெற்றிலையை விட வேண்டும், சொல்கிற திகதிகளில் வந்து காட்ட வேண்டும் என்று பிறகு சொன்னார்கள். அவர் விட்டுவிட்டார். கைக்கு வேலை வேண்டும் என்று இப்போது பனையோலையில் பெட்டி இழைக்கிறார்.

மாணவர் செய்யும் வேலையை ஆசிரியர் படிக்குப் படி பார்க்கிறார். சூத்தையைத் துப்புரவாக்கியதும் பார்ப்பார். அவர் "சரி" என்று கையெழுத்து வைத்த பிறகுதான் பல் அடைபடும். கடினமான வேலை என்றால் மாணவரிடம் விடாமல் தேர்ந்த வைத்தியரிடம் அனுப்புகிறார்கள். "வாயில பழகிப் பாக்கவா" என்ற கேள்விக்கு நான் கண்ட பதில் இதுதான்: பழகுகிறார்கள், ஆனால் தனியே விட்டுப் பழக்கவில்லை. ஒரு வாயை இரண்டு பேர் பார்க்கிறார்கள்.

நேரம் எடுக்கும் என்பது உண்மை. தேர்ந்த வைத்தியர் அரை மணித்தியாலத்தில் முடிக்கிற வேலைக்கு ஒரு காலைப்பொழுது போய்விடும். ஆனால் எங்களைப் போன்ற பெண்களுக்கு அந்த ஆறுதலான வேகமே மருந்தாக இருந்தது என்பதைத் தலைமன்னார்த் தங்கச்சியிடம் கண்டேன்.

கையை உயர்த்தினால் நிற்பாட்டுவேன்

அவள் 2009க்குப் பிறகு தடுப்பில் இருந்தவள். அங்கே நடந்ததை யாரிடமும் சொன்னதில்லை. நாங்கள் கேட்டதும் இல்லை. கதிரை பின்னால் சாய்ந்தது, முகத்துக்கு நேரே விளக்கு வந்தது, முகமூடி போட்ட ஒருவர் மேலே குனிந்தார். அவ்வளவுதான். அவள் பாய்ந்து எழுந்து சுவரோடு போய் நின்றுவிட்டாள். உடம்பெல்லாம் நடுங்கியது.

அந்தத் தமிழ் மாணவி ஒன்றும் கேட்கவில்லை. "பயப்படாதீங்கோ" என்றும் சொல்லவில்லை. விளக்கை அணைத்தாள். கதிரையை நிமிர்த்தினாள். முகமூடியைக் கழற்றித் தன் முகத்தைக் காட்டினாள். பக்கத்தில் ஒரு முக்காலியில் இருந்துகொண்டு, "அக்கா, இண்டைக்கு ஒண்டும் செய்யாமலும் போகலாம். செய்யிறதெண்டால் கதிரையைச் சாய்க்காமலே செய்யலாம். நான் என்ன செய்யப்போறன் எண்டு ஒவ்வொண்டாச் சொல்லிப்போட்டுத்தான் செய்வன். நீங்கள் கையை உயர்த்தினால் நான் நிற்பாட்டுவன்" என்றாள்.

முதல் ஐந்து நிமிடத்தில் அவள் மூன்று தரம் கையை உயர்த்தினாள். மூன்று தரமும் மாணவி உடனே கையை எடுத்துவிட்டாள். பிறகு கேட்டபோது தங்கச்சி சொன்னாள்: "நோகேல்லை அக்கா. உண்மையா நிற்பாட்டுறாவோ எண்டு பாத்தனான்."

அதற்குப் பிறகு அவள் கை உயரவில்லை. இரண்டு பற்களைக் காப்பாற்றினார்கள்.

சகோதரிகளே, இதை நான் விரிவாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பற்கதிரைக்குப் பயந்து வைத்தியசாலைக்குப் போகாத பெண்கள் நம்மிடையே நிறையப் பேர். அது கோழைத்தனம் அல்ல. நம்மைக் கேட்காமல் நம் உடம்பைத் தொட்டவர்களை உடம்பு மறப்பதில்லை. ஆகவே எந்த வைத்தியசாலைக்குப் போனாலும், தொடங்குவதற்கு முன்பே சொல்லுங்கள்: "எனக்குப் படுக்கப் பயம். நான் கையை உயர்த்தினால் நிற்பாட்டுங்கள்." கூட வந்தவர் பக்கத்தில் நிற்கலாமா என்று கேளுங்கள். பெண் வைத்தியர் வேண்டுமென்றால் கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. மாணவர் செய்வது வேண்டாம் என்று சொல்லவும் நமக்கு உரிமை உண்டு.

பேசாலை அம்மாவின் பல்வரிசை

பல்வரிசை ஒரே நாளில் வருவதில்லை. அச்செடுப்பது ஒரு நாள், கடி அளவு பார்ப்பது ஒரு நாள், மெழுகில் வைத்துப் பார்ப்பது ஒரு நாள், முடிந்ததைப் போடுவது ஒரு நாள், பிறகு உரசுகிற இடங்களைத் திருத்த ஒன்றிரண்டு நாள். மன்னாரிலிருந்து அத்தனை தரம் போய்வருவது லேசல்ல. பஸ் காசு ஒரு பக்கம், வீட்டில் பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லாதது ஒரு பக்கம். திகதிகளைக் கிட்டக்கிட்டப் போட முடியுமா என்று கேட்டோம். முடிந்தவரை போட்டுத் தந்தார்கள்.

மாணவர்கள் படிப்பை முடிக்க, குறிப்பிட்ட வேலைகளை முதலிலிருந்து கடைசிவரை தாங்களே செய்து காட்ட வேண்டும். நோயாளி பாதியில் வராமல் விட்டால் அவர்களுக்கும் கஷ்டம். அதனால் சொன்ன நாளில் தவறாமல் வருகிறவர்களை மிகவும் மதிக்கிறார்கள். எங்கள் அம்மாவுக்குப் பல் கட்டிய மாணவன், அவர் வந்து சேர்ந்துவிட்டாரா என்று வாசல்வரை வந்து பார்ப்பான்.

கடைசி நாளில் பல்வரிசையைப் போட்டுக் கண்ணாடியைக் கையில் கொடுத்தார்கள். சத்தமாக ஏதாவது வாசியுங்கள், அல்லது பெயர்களைச் சொல்லுங்கள் என்றான் மாணவன். அப்படிச் சொல்லிப் பார்த்துத்தான் பல் சரியாக நிற்கிறதா என்று அறிவார்களாம். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தன் மகனின் முழுப் பெயரையும் சொன்னார். ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக வந்தது.

மாணவனுக்கு அது யாருடைய பெயர் என்று தெரியாது. "சரியா இருக்கு அம்மா, இன்னொரு பேர் சொல்லுங்கோ" என்றான். நாங்கள் வெளியே வந்துவிட்டோம்.

நம் பிள்ளைகளின் பல்

1921இல் நியூசிலாந்து தேசம் இளம் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பாடசாலைப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்க அனுப்பியது. அங்கேயும் பிள்ளைகள் பயந்தார்கள். பாடசாலைப் பல் வைத்திய அறைக்குக் "கொலை வீடு" என்றே பெயர் வைத்தார்களாம்! ஆனாலும் அந்தப் பெண்களால்தான் ஊர் ஊராகப் பிள்ளைகளின் பற்கள் பிழைத்தன. அந்த முறையைப் பார்த்து இலங்கையும் தொடங்கியது. மகரகமையில் பயிற்சி பெற்ற பாடசாலைப் பற்சிகிச்சையாளர்கள் இன்று பிள்ளைகளின் பற்களைப் பார்க்கிறார்கள். உங்கள் பிள்ளையின் பாடசாலைக்கு அவர்கள் எப்போது வருகிறார்கள் என்று அதிபரிடம் கேளுங்கள். வரவில்லை என்றால் பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள். "ஊசி போடுவினம்" என்று சொல்லிப் பிள்ளையை வெருட்டாதீர்கள்.

பாற்பல் விழுகிற பல்தானே என்று விடுவதும் சரியல்ல. பாற்பல் நேரத்துக்கு முன்பே போனால் அடுத்த பல் இடம் மாறி முளைக்கும். இரவில் சீனி கலந்த பாற்போத்தலோடு பிள்ளையைத் தூங்க வைத்தால் முன்பற்கள் முதலில் கறுக்கும்.

வீட்டில் செய்யக்கூடியவை

பேராதனை தூரம். பிறஷ் கிட்ட. எங்களுக்கு மாணவர்கள் சொல்லித்தந்ததை நான் இப்போது கிராமம் கிராமமாகச் சொல்லி வருகிறேன். இங்கேயும் எழுதுகிறேன்.

1. காலையிலும் இரவு படுக்கப் போகும்போதும் இரண்டு நிமிடம் பல் விளக்குங்கள். ஒரு நேரம்தான் முடியும் என்றால் இரவில் விளக்குங்கள். இரவில் உமிழ்நீர் குறைவு, சூத்தை வேகமாகப் பிடிக்கும்.

2. புளோரைட் உள்ள பற்பசையே வேண்டும். விலை கூடியது தேவையில்லை. பெட்டியில் 1000க்குக் குறையாமல் பிபிஎம் என்று எழுதியிருந்தால் போதும். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஓர் அரிசி அளவு, அதற்கு மேல் ஆறு வயதுவரை ஒரு பட்டாணி அளவு. விளக்கியபின் நுரையைத் துப்புங்கள், நிறையத் தண்ணீரால் கொப்பளிக்க வேண்டாம்.

3. ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்பது நம் முன்னோர் வாக்கு. வேப்பங்குச்சி கெடுதல் அல்ல. ஆனால் குச்சியில் புளோரைட் இல்லை, பின்பற்களுக்கும் அது எட்டாது. கரி, செங்கல் தூள், மணல் வேண்டாம். அவை பல்லின் மேற்பூச்சை அராவிவிடும். போன பூச்சு திரும்ப வராது.

4. முரசில் இரத்தம் வந்தால் விளக்குவதை நிறுத்தாதீர்கள். அழுக்கு இருப்பதால்தான் இரத்தம் வருகிறது. மெல்லிய பிறஷால் முரசும் பல்லும் சேரும் இடத்தில் மெதுவாக விளக்குங்கள். எனக்குப் பல் சுத்தம் செய்த இரண்டு கிழமையில் இரத்தம் நின்றது. நிற்காவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

5. பிளேன்ரீயைக் கவனியுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து கோப்பை, கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் பத்துத் தேக்கரண்டி, கிட்டத்தட்ட 40 கிராம். உணவிலும் பானத்திலும் சேர்க்கிற சீனி 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. கிழமைக்கு அரைக் கரண்டியாகக் குறைத்து வாருங்கள். பனங்கட்டியும் பல்லுக்குச் சீனிதான். சாப்பாட்டோடு சேர்த்து எடுங்கள், இடையிடையே கடிக்க வேண்டாம்.

6. கரையில் மீன் வெட்டிக் கருவாடு போடும் பெண்களுக்கு வெற்றிலை ஒரு துணை. பசியையும் அலுப்பையும் மறக்க வைக்கிறது. ஆனால் புகையிலை சேர்க்காமல் பாக்கு மட்டும் போட்டாலும் புற்றுநோய் வரலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்டது. இலங்கை ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப்புற்றுநோய் முன்வரிசையில் இருக்கிறது. உங்கள் வீட்டு ஆண்களின் வாயையும் பாருங்கள்.

7. மாதம் ஒருமுறை வெளிச்சத்தில் கண்ணாடி பார்த்து வாயைத் திறவுங்கள். வெள்ளை அல்லது சிவப்புத் தழும்பு, இரண்டு மூன்று கிழமையாகியும் ஆறாத புண், வாய் முன்போலத் திறக்க முடியாமை, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் தாமதிக்காதீர்கள். 1980களிலேயே பேராசிரியர் சமன் வர்ணகுலசூரியவும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் இலங்கைக் கிராமத்துச் சுகாதாரப் பணியாளர்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்து, அவர்களாலேயே நோயை முற்கூட்டிக் காண முடியும் என்று காட்டினார்கள். அவர்களால் முடிந்தது நம்மாலும் முடியும்.

8. கர்ப்பமாக இருக்கும்போது முரசு வீங்குவது உண்டு. கிளினிக்குக்குப் போகும்போது பல்லையும் காட்ட வேண்டும் என்று மருத்துவிச்சியிடம் கேளுங்கள்.

9. நோகிற பல்லின் முரசில் அஸ்பிரின் குளிசையை வைக்காதீர்கள். தசை வெந்துவிடும். முகம் வீங்கிக் காய்ச்சலும் வந்தால், அல்லது விழுங்கக் கஷ்டமாக இருந்தால், அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

10. பல் பிடுங்கியபின் பஞ்சை அரை மணித்தியாலமாவது இறுக்கிக் கடியுங்கள். அன்று கொப்பளிக்கவோ வெற்றிலை போடவோ கூடாது. அடுத்த நாள் முதல் இளஞ்சூட்டு உப்புத் தண்ணீர் நல்லது.

11. பல்வரிசை போட்டவர்கள் இரவில் கழற்றிச் சவர்க்காரத்தால் கழுவித் தண்ணீரில் போட்டு வையுங்கள். முரசுக்கும் ஓய்வு வேண்டும்.

பேராதனைக்குப் போக விரும்புகிறவர்களுக்கு

முதலில் உங்கள் ஊர் வைத்தியசாலையில் காட்டுங்கள். தேவையென்றால் அவர்களிடமே கடிதம் கேளுங்கள். கிளினிக் கொப்பி, பாவிக்கிற குளிசைகள், அடையாள அட்டை கொண்டு போங்கள். இரத்தம் இளகக் குளிசை எடுப்பவர்கள், இதய வால்வு வருத்தம் உள்ளவர்கள், கர்ப்பவதிகள் இருக்கையில் இருக்கும் முன்பே சொல்ல வேண்டும். சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பல்வரிசை போன்றவற்றுக்குக் காசு கட்ட வேண்டுமா என்று தொடக்கத்திலேயே கேளுங்கள். எத்தனை தரம் வர வேண்டும் என்றும் கேளுங்கள். தனியே போகாமல் நான்கைந்து பேராகச் சேர்ந்து போனால் செலவும் குறையும், பயமும் குறையும்.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். அந்தக் கதிரையில் இருந்து நாங்கள் வாங்கிக்கொண்டு மட்டும் வரவில்லை. எங்கள் வாயைப் பார்த்து அந்தப் பிள்ளைகள் படித்தார்கள். பயந்த பெண்ணிடம் எப்படி நடக்க வேண்டும், தமிழில் "நோகுதா" என்று எப்படிக் கேட்க வேண்டும் என்றும் படித்தார்கள். அவர்கள் நாளை இந்த நாட்டின் எந்த வைத்தியசாலைக்கும் வைத்தியராகப் போகலாம். தாம்போதியைத் தாண்டி நம் தீவுக்கும் வரலாம். அப்போது அவர்களுக்கு நம்மைத் தெரிந்திருக்கும்.